சிதறாத காரியம் பதறாது

1

இந்தக் கதை எனக்கு ஒரு காரின் டிக்கியில் கிடைத்தது.

பதற வேண்டாம், பிணம் இல்லை. வாரப் பத்திரிகையில் துப்பறியும் தொடர் எழுதுகிறவன் டிக்கி என்று ஆரம்பித்தால் உங்கள் மூக்கு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். அந்த மூக்கை நம்பித்தான் இத்தனை காலம் பிழைத்திருக்கிறேன். ஆனால் இந்த டிக்கியில் இருந்தவை வெறும் பைகள். அதுவும் தப்பான பைகள்.

குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்கு இரண்டு கார்களில் கிளம்பினோம். கிளம்பினோம் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. முதல் காரில் சித்தப்பா பெல்ட் போட்டுக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதே காரில் வர வேண்டிய நான் சட்டைக்குள் தலையை விட்டுக்கொண்டு பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டாவது காரில் என் மனைவி தயார். அவள் பக்கத்தில் உட்கார வேண்டிய அத்தை இன்னும் குளியலறையில். ஆக, இரண்டு கார்களும் நகரவில்லை.

என் தங்கச்சி வாசலில் நின்று இந்த அழகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ஏன் காருக்கு ஒரு லேட் ஆளைப் போட்டு வச்சிருக்கீங்க? லேட் ஆளுங்க எல்லாரையும் ஒரே கார்ல போடுங்க. இன்னொரு காராவது கிளம்பட்டும்."

ஆட்களை மாற்றினோம். சித்தப்பா இறங்கி என் மனைவியின் காருக்குப் போனார்; அந்தக் கார் பறந்தது. அத்தையும் நானும், எங்களைக் கிளப்பிய தங்கச்சியும் பின்னால், எங்கள் மரியாதைக்கு ஏற்ற வேகத்தில் போனோம்.

போய்ச் சேர்ந்ததும் சித்தப்பா குளித்துவிட்டுப் பையைத் திறந்தார். உள்ளே அத்தையின் பவுடர் டப்பாவும் முட்டிவலிக் களிம்பும். நாங்கள் இன்னும் பாதி வழியில். போனில் அவர் போட்ட சத்தம் காருக்குள் எல்லோருக்கும் கேட்டது.

"ஆளை மாத்தினீங்களே, பையை மாத்தினீங்களா?"

நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். தங்கச்சிதான் அதிகமாகச் சிரித்தாள்.

இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் தொழிலில் இதைத் துப்பு என்போம். சாதாரணமாக அதை ஒளித்து வைப்பேன். இந்த முறை உங்கள் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

2

தங்கச்சியின் வேலை, மருந்து தேடும் மென்பொருளை வேகமாக ஓட வைப்பது. அந்த இரண்டு கார் யோசனையை அவள் ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போனாள். அங்கே நடந்ததைக் கேட்டதும் "இதை எழுதட்டுமா?" என்றேன். ஒரு நிபந்தனை போட்டாள். எழுதுவதை அவளிடம் காட்ட வேண்டும். அவள் எழுதும் அடிக்குறிப்புகளை வெட்டக் கூடாது.

சரி என்றேன். என் ஆசிரியர்கூட என்னிடம் இப்படி ஒரு கையெழுத்து வாங்கியதில்லை.

தொடக்கம், முதல் முயற்சி:

*ஆய்வகத்தின் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. திரையில் எண்கள் தலைகீழாக இறங்கின. இன்னும் பத்தே நிமிடம். அதற்குள் மருந்து கிடைக்காவிட்டால் இந்த நகரம்—*

> தங்கச்சி: எங்க ஆபீஸ்ல சிவப்பு விளக்கு ஒண்ணே ஒண்ணுதான், டீ மெஷின்ல. தண்ணி தீர்ந்தா எரியும். அப்புறம் மருந்து பத்து நிமிஷத்துல வராதுண்ணா. பத்து வருஷம்னு வச்சுக்கோ.

பத்து வருடம்! தொடர்கதைக்காரன் வயிற்றில் அடிக்கிற எண். கண்ணிமைக்கும் நேரத்தை ஆயிரமாக நறுக்கி, அதில் ஒரு துண்டை மிச்சம் பிடிப்பது அவள் வேலை. அந்த மிச்சம் யாருக்காவது மாத்திரையாகப் போய்ச் சேரப் பத்து வருடம். இந்த இரண்டு கடிகாரங்களையும் ஒரே சுவரில் எப்படி மாட்டுவது?

இரண்டாவது முயற்சியில் என் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வார்டில் ஒரு பள்ளிக்கூட பஸ் டிரைவர் படுத்திருந்தார். காலில் ஒரு சின்னக் காயம். அதில் புகுந்த கிருமிக்கு மருந்துகளின் மேல் இருந்த பயமெல்லாம் போய்விட்டது. ஒன்று கொடுத்தார்கள், அடங்கவில்லை. இன்னொன்று, அதற்கும் இல்லை. மூன்றாவதைச் சாப்பாடு மாதிரி சாப்பிட்டது.

டிரைவர் தினமும் காலையில் கேட்பார்: "என்ன சிஸ்டர், என் மருந்தைக் கண்டுபிடிச்சாச்சா?"

"என் நாத்தனார் தேடிட்டிருக்கா."

"எந்தக் கடையில? விலாசம் குடுங்க, பஸ்ஸை எடுத்துட்டு நானே போய் வாங்கிட்டு வரேன்."

இவர்தான் என் கதைக்கு உயிர் என்று முடிவு செய்தேன். கடைசி அத்தியாயத்தில் தங்கச்சி கண்டுபிடித்த மருந்து ஊசியில் ஏறி, டிரைவரின் நரம்பில் இறங்கும்போது—

> தங்கச்சி: வேண்டாம்ணா. நாங்க இன்னைக்கே கண்டுபிடிச்சாலும் அது அவருக்குப் போய்ச் சேராது. படிக்கிறவங்களை ஏமாத்தாதே. அவரையும்.

ஆகவே இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையின் மருந்து டிரைவரைக் காப்பாற்றாது. அவருக்குப் பின்னால் அதே கட்டிலில் யாரோ ஒருவர் வந்து படுப்பார் இல்லையா? பத்து வருடம் கழித்து? அந்த முகம் தெரியாத ஆளுக்காகத்தான் இதில் எல்லோரும் ஓடுகிறார்கள். முகம் தெரியாத ஆளை வைத்து எழுதுவது கஷ்டம். அதனால் டிரைவரை வைத்துக்கொள்கிறேன்.

3

இனி அவளைத் தங்கச்சி என்று சொன்னால் கதையில் பாசம் ஒழுகும். ஆபீசில் அவளுக்கு வைத்த பெயரையே வைத்துக்கொள்வோம். ஆமை.

வேகமாக்கு என்று வேலைக்கு எடுத்தார்கள். வந்தவள் முதல் வாரம் முழுக்க எதையும் மாற்றவில்லை. மென்பொருளின் நிரல் ஓடுவதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே நிற்கிறது, எதற்காக நிற்கிறது, யாருக்காகக் காத்திருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தாள். யாரோ "என்னம்மா பண்றே?" என்று கேட்டபோது "வேடிக்கை பார்க்கிறேன்" என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து ஆமை.

மென்பொருள் செய்வது இதுதான். கிருமியின் உடம்பில், அது உயிரோடு இருக்கத் தேவையான ஒரு புரதம். அந்தப் புரதத்தில் ஒரு பள்ளம். பள்ளத்தை அடைத்துவிட்டால் கிருமியின் கதை முடிந்தது. எந்த மூலக்கூறு அதில் கச்சிதமாகப் போய் அடைக்கும் என்று கம்ப்யூட்டரிலேயே ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து மதிப்பெண் போடுவது. அதாவது பூட்டுக்குச் சாவி—

> தங்கச்சி: பூட்டு சாவின்னு எழுதாதே, எல்லாரும் அதையே எழுதுறாங்க. சாவி மடங்காது. இது மடங்கும். மாடிப்படியில சோபா ஏத்தினோமே, "கொஞ்சம் சாய், இப்படித் திருப்பு, அய்யோ என் விரல்"னு? அதுதான் இது.

சரி, சோபா. ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு சோபா. சிலவற்றுக்கு மூட்டே கிடையாது, ஸ்டூல் மாதிரி. நாலு தடவை திருப்பினால் தெரிந்துவிடும். சிலவற்றுக்கு உடம்பெல்லாம் மூட்டு. மடக்கலாம், நீட்டலாம், வாலைச் சுருட்டலாம். ஒவ்வொரு மூட்டுக்கும் திருப்பிப் பார்க்க வேண்டிய விதங்கள் பெருகிக்கொண்டே போகும்.

பொருத்திப் பார்க்க வேண்டிய மூலக்கூறுகள் கோடிக்கணக்கில். பழைய வேகத்தில், கொடுத்த கெடுவுக்குள் அவற்றில் ஒரு கரண்டிதான் பார்க்க முடிந்தது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் சொல்வோம். இந்தப் பானையில் அது நடக்காது. ஒவ்வொரு பருக்கையும் வேறு வேறு அரிசி. நல்ல பருக்கை அடியில் கிடந்தால் கிடந்ததுதான்.

இங்கேதான் ஆமையின் கழுத்தில் கத்தி. மேலிடம் மூன்றே மூன்று மூலக்கூறுகளை உண்மையிலேயே செய்து பார்க்க அனுமதித்திருந்தது. மூன்றும் கிருமியிடம் தோற்றால், இந்தக் கிருமியை அந்தக் கட்டடத்தில் இனி யாரும் தேட மாட்டார்கள்.

கரண்டியிலிருந்து மூன்றா, முழுப் பானையிலிருந்து மூன்றா? அதுதான் கேள்வி.

4

(இந்த அத்தியாயத்தில் துரத்தல் காட்சி வர வேண்டும் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். வருகிறது. ஓடுபவை எண்கள்.)

ஆமை முதலில் இயந்திர அறைக்குப் போனாள். ஒரு ஸ்குரு டிரைவரும் ஒரு ஸ்வெட்டரும் போதுமாயிருந்தன. கணக்குப் போடும் பெரிய கிராஃபிக்ஸ் கார்டை யாரோ அவசரத்தில் ஒடுக்கமான துளையில் செருகியிருந்தார்கள்; எட்டு வழிச்சாலை ஒரு சந்தில் போய் முட்டுவது மாதிரி. பக்கத்தில் அகலமான துளை காலியாக, ஒரு தூசிப் படலத்தோடு காத்திருந்தது. மாற்றினாள். கார்டு சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது. காற்று வரும் வழியை ஓர் அட்டைப்பெட்டி அடைத்துக்கொண்டு நின்றது. பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

உள்ளே இருந்தது, கார்டைக் குளிர்விக்க வாங்கிய விசிறி.

> தங்கச்சி: இதை மட்டும் நீ கற்பனை பண்ணினதுன்னு எல்லாரும் நினைப்பாங்க. இல்லைங்க. நிஜம்.

அடுத்தது நிரல். ஓர் அணுவைப் பற்றிய விவரங்கள் நினைவகத்தில் மூலைக்கு ஒன்றாகக் கிடந்தன. டீ போட, சர்க்கரைக்கு மாடி ஏறி, ஸ்பூனுக்குக் கீழே இறங்கி, பாலுக்குப் பக்கத்து வீட்டுக்குப் போவது போல ஒவ்வொரு கணக்குக்கும் ஓட்டம். ஆமை எல்லாவற்றையும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கினாள். எடுக்கக் கை நீட்டினால் போதும்.

டீ மெஷினுக்கு மேலே யாரோ பெரிய எழுத்தில் ஒட்டி வைத்திருந்தார்கள்: *பதறாத காரியம் சிதறாது.* அவசரப்படாமல் செய்தால் வேலை கெடாது என்று எல்லா ஆபீசிலும் சொல்வதுதான். ஆமை அதற்குக் கீழே பேனாவால் எழுதினாள்: *சிதறாத காரியம் பதறாது.*

வந்தவர்கள் எல்லோரும் படித்துச் சிரித்தார்கள். நிரலும் சிரித்திருக்கும்; வேகம் பல மடங்கு ஏறிவிட்டது.

இருந்தும் கார்டு முழுவதும் உழைக்கவில்லை. ஆமை மறுபடி வேடிக்கை பார்த்தாள். கார்டுக்குள் வேலையாட்கள் முப்பத்திரண்டு முப்பத்திரண்டு பேராகக் கைகோத்து நடக்கிறார்கள். ஆளுக்கு ஒரு மூலக்கூறு. ஒருவர் கையில் மூட்டு நிறைந்த சோபா மாட்டிக்கொண்டால், ஸ்டூல் முடித்த மற்றவர்கள் வாசலில் செருப்போடு நிற்கிறார்கள். பெல்ட் போட்ட சித்தப்பாக்கள்!

ஆமை நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள்.

மூட்டு எண்ணிக்கைப்படி மூலக்கூறுகளை வரிசைப்படுத்தினாள். ஸ்டூல்கள் ஸ்டூல்களோடு. சோபாக்கள் சோபாக்களோடு. லேட் ஆட்கள் ஒரே காரில். மற்ற கார்கள் பறந்தன. இரண்டு மாதம் ஓட வேண்டியது ஒரே நாளில் முடிந்தது. முழுப் பானையும் பார்த்தாயிற்று. முதல் மூன்று பெயர்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போயின.

ஆமை மேஜையில் தாளம் போட்டாள். பைகளை அவள் நினைக்கவே இல்லை.

(நீங்கள் நினைத்தீர்கள். எனக்குத் தெரியும்.)

5

ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம்.

பெயரைப் பெற்றுக்கொண்டு மூலக்கூறை நிஜமாகச் செய்பவர் வேதியியல்காரர். எந்தப் பிரச்சினையைச் சொன்னாலும் "கரைச்சிடலாம்" என்பார். அதனால் அவருக்குக் கரைசல் என்று பெயர். வழுக்கைத் தலை, ஓயாத சீட்டி. மேலிடத்திலிருந்து யார் வந்தாலும் குடுவையைக் காட்டி "தொடாதீங்க, கடிக்கும்" என்பார்.

வில்லனில்லாத தொடரை நான் எழுதியதில்லை. கரைசலை வில்லனாக்கிப் பார்த்தேன்.

*கரைசலின் இடது கை மோதிரத்துக்குள் ஒரு நுண்ணிய கேமரா—*

> தங்கச்சி: அவர் மோதிரமே போட மாட்டார். அமிலம் உள்ளே போய் உட்கார்ந்துக்கும்னு கல்யாண மோதிரத்தையே வீட்டுல வச்சிருக்கார். அதுக்கு அவங்க வீட்டுல தனிச் சண்டை. வேற ஆளைப் பாரு.

வேறு ஆள் இல்லை. இந்தக் கதையில் கெட்டவர் யாரும் இல்லை. கெட்டவர் இல்லாமலே காரியங்கள் கெட முடியும் என்பது எழுதுகிறவனுக்குப் பெரிய தொந்தரவு.

கரைசல் முதல் மூலக்கூறைச் செய்து முடித்த அன்று, ஆமையும் அவரும் டீ மெஷின் முன்னால் நின்றார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. தண்ணீர் இல்லை.

"உன் முதல் ஆள் பரம சாதும்மா," என்றார் கரைசல், மெஷினை ஒரு தட்டுத் தட்டி. "நாலு நாள் ஆகும்னு நினைச்சேன். டக்குனு முடிஞ்சிருச்சு. கையும் இல்லை, காலும் இல்லை, வாலும் இல்லை. குழவிக்கல்லு மாதிரி இருக்கான்."

ஆமை டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வால் இல்லையா சார்?"

"வாலா? திருப்பிப் பார்க்க ஒரு மூட்டுகூட இல்லை."

"முதல் பேர்தானே செஞ்சீங்க?"

"நீ அனுப்பின முதல் பேர். ஏன், மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?"

ஆமைக்கு நன்றாக நினைவிருந்தது. முதல் மதிப்பெண் வாங்கிய ஆள் கடைசிக் குழுவிலிருந்து வந்தவன். லேட் காரிலிருந்து. அந்தக் காரில் மூட்டில்லாத ஆள் ஒருவன்கூடக் கிடையாது, இருக்கவே முடியாது.

காதுக்குள் சித்தப்பா கத்தினார்.

*ஆளை மாத்தினீங்களே, பையை மாத்தினீங்களா?*

மூலக்கூறுகளை வரிசை மாற்றியவள், பெயர்களை மாற்றவில்லை. பெயர்கள் பழைய வரிசையிலேயே நின்றன. சோபா வாங்கிய மதிப்பெண் ஸ்டூலின் பெயரில் ஏறியிருந்தது. கோடி ஆட்களும் சரியாக ஓடியிருந்தார்கள். கோடிப் பைகளும் தப்பான காரில் இருந்தன.

> தங்கச்சி: பை விஷயத்துக்கு அன்னைக்கு அதிகமாச் சிரிச்சது நான்தான். அதை வெட்டாம விட்டதுக்கு நன்றி. கோபமும்.

6

அடுத்த அத்தியாயத்தை இரண்டு பக்கம் எழுதினேன். ஆமை ஜன்னல் ஓரம் நிற்கிறாள். வெளியே மழை. சொல்வதா, மறைப்பதா? மூன்றில் ஒன்று வீண் என்று தெரிந்தால் மேலிடம் என்ன செய்யும்? அந்தப் பொடியை யாருக்கும் தெரியாமல்—

> தங்கச்சி: மழையும் இல்லை, ஜன்னலும் இல்லை. அவர் முன்னாலதானே நின்னுட்டிருந்தேன்? அங்கேயே சொன்னேன். டீகூட வரலை.

இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டேன். நல்ல பக்கங்கள். மழை நன்றாக வந்திருந்தது.

நடந்தது இவ்வளவுதான்.

"சார், தப்பு பண்ணிட்டேன். பேரெல்லாம் மாறிப்போச்சு. நீங்க செஞ்சது அந்த ஆள் இல்லை."

கரைசலின் சீட்டி நின்றது. மூன்றில் ஒன்று போய்விட்டது. வால் உள்ள ஆள் எங்கோ பெயர் மாறிக் கிடக்கிறான். எங்கள் வீட்டில் யார் திட்டினாலும் பதில் திட்டு திட்டுகிறவள், உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"பழைய ப்ரோக்ராமா இருந்தா, திருப்பி ஓட்ட எவ்வளவு நாளாகும்?" என்றார் கரைசல்.

"ரெண்டு மாசம்."

"அப்ப இந்தத் தப்பு தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்போம்?"

ஆமை யோசித்தாள். "இருக்கிறதை வச்சு ஒப்பேத்தியிருப்போம்."

"இப்ப?"

"...நாளைக்கு வந்துரும்."

"அப்புறம் எதுக்கும்மா உதட்டைக் கடிக்கிறே? போய் ஓட்டு. நாளைக்கு மறுபடி தப்பு வந்தா, நாளன்னைக்கு ஓட்டு. தப்பு பண்ண நேரம் இல்லாதவந்தான் தப்பை மறைப்பான். உனக்குத்தான் கொட்டிக் கிடக்கே நேரம், நீயே சம்பாதிச்சது!"

பிறகு சுவரைக் காட்டினார். "ரெண்டு பழமொழியும் சரிதான் போல. மேல இருக்கிறதையும் அப்பப்ப படி."

ஆமை படித்தாள். *பதறாத காரியம் சிதறாது.* மூஞ்சியில் முதல் தடவையாகச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. பிறகு ஓடினாள்.

> தங்கச்சி: நடந்தேன்.

நடந்தாள். ஒவ்வொரு மூலக்கூறின் பெயரையும் அதன் இடுப்பிலேயே கட்டினாள். எங்கே நகர்த்தினாலும் பெயர் கூடவே போகும். கூட்டத்துக்குள் ஒரு தெரிந்த ஆளையும் விட்டாள்: அந்தப் பள்ளத்தில் ஓரளவு பொருந்தும் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய மூலக்கூறு. அவன் சரியான மதிப்பெண்ணோடு சரியான இடத்தில் வந்து நின்றால் மற்றவர்களையும் நம்பலாம்.

மறுநாள் அவன் நின்றான். அவனுக்கு மேலே, யாரும் இதுவரை கரண்டி விடாத பானையின் அடியிலிருந்து வந்த இரண்டு பேர் நின்றார்கள்.

கரைசல் முதல் ஆளின் படத்தைப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டார். "வால் மட்டுமில்லம்மா, கொம்பும் இருக்கு. இதைச் செய்யறதுக்குள்ள எனக்கு மிச்சம் இருக்கிற முடியும் போயிடும்."

"எந்த முடி சார்?"

"ஆமைக்கு வாய் மட்டும் முயல்."

7

கரைசல் செய்தார். குழவிக்கல்லையும் கொட்டவில்லை. "செஞ்சது செஞ்சாச்சு, அவனும் வரிசையில நிக்கட்டும்" என்று மூன்று குப்பிகளையும் சோதனைக்கு எடுத்துப் போனார்.

சோதனை எளிது. சின்னச் சின்னக் குழிகள் உள்ள ஒரு தட்டு. குழிகளில் கிருமியும் அது தின்ன ஆகாரமும். மேலே மூலக்கூறு. தட்டை இதமான சூட்டில் வைத்து மூடிவிட வேண்டும். கிருமி பெருகினால் குழி கலங்கிப் போகும். அடங்கினால் தெளிந்து கிடக்கும். கலக்கம், தெளிவு. இவ்வளவு நேரடியான சோதனையை நான் கதைக்காகக் கற்பனை செய்திருந்தால் ஆசிரியர் "ரொம்பப் பொருத்தமா இருக்கே" என்று வெட்டியிருப்பார்.

இப்போது முடிவு.

முடிவு, ஒன்று. வால் உள்ளவர்கள் இருவரும் கலங்கிவிடுகிறார்கள். தப்பாகப் பிறந்த குழவிக்கல் மட்டும் தெளிவாக நிற்கிறது! தப்பே வரமாகிறது! ஆமையின் கண்ணில் நீர். கரைசல் சீட்டியடிக்க, பின்னணியில்—

> தங்கச்சி: கிருமிக்குக் கதை படிக்கத் தெரியாதுண்ணா.

முடிவு, இரண்டு. மூன்றும் கலங்குகின்றன. கோப்பு மூடப்படுகிறது. ஆனால் ஆமையின் நிரலை, பெயர் கட்டிய அந்த நிரலை, எங்கோ வேறு யாரோ எடுத்துக்கொண்டு வேறொரு நோய்க்கு ஓட்டுகிறார்கள்.

> தங்கச்சி: இது முடிவு இல்லை, போன வாரமே நடந்தாச்சு. குழந்தைங்களுக்கு வர்ற ஒரு காய்ச்சலுக்கு மருந்து தேடுற ரெண்டு பேர், எங்க பக்கத்துக் கட்டடம். கேட்டாங்க, குடுத்தேன். "பையைப் பத்திரமாப் பாத்துக்கோங்க"ன்னும் சொல்லி அனுப்பினேன். அவங்களுக்குப் புரியலை.

முடிவு, மூன்று. டிரைவர். இதை நான் கற்பனை செய்ய வேண்டியதில்லை. பழைய மருந்துகளில் இரண்டைச் சேர்த்துக் கொடுத்ததில் காயம் மெல்ல அடங்கியது. இடது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தது. வீட்டுக்குப் போகும்போது என் மனைவியிடம் சொன்னாராம்: "கிளட்ச் இல்லாத வண்டி நிறைய வந்துருச்சு சிஸ்டர், இடது கால் சும்மா துணைக்குத்தானே. உங்க நாத்தனார்கிட்ட சொல்லுங்க, என் மருந்தை நிதானமாத் தேடச் சொல்லி. எனக்கு அவசரம் இல்லை. ஆனா விட்டுட வேண்டாம்."

என் மனைவி இதைச் சாப்பாட்டு மேஜையில் சொன்னாள். தங்கச்சி சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அதற்கு மட்டும் அவள் அடிக்குறிப்பு எழுதவில்லை.

8

இன்று காலை தட்டைத் திறக்கிறார்கள்.

கரைசல் போன் செய்தாராம். தட்டு தயார். மேலே வெள்ளைத் துணியைப் போட்டு மூடி வைத்திருக்கிறார். "நீ வராம எடுக்க மாட்டேன். சீக்கிரம் வா, எனக்குச் சீட்டியே வர மாட்டேங்குது."

என்னையும் கூட்டிப் போவதாகத் தங்கச்சி சொல்லியிருந்தாள். ஆசிரியருக்கு இதை அனுப்ப வேண்டிய நாளும் இன்றுதான். அவர் நேற்றே கேட்டுவிட்டார்: "கடைசிப் பாரா எங்கே?" தட்டைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன் என்றால் அச்சு போய்விடும். பார்க்காமல் எழுதினால் பொய். குழவிக்கல்லுக்கு வெற்றி கொடுக்க என் விரல் இன்னும் துடிக்கிறது. கொடுக்க மாட்டேன். அது என் கையில் இல்லை. ஒரு துணிக்கு அடியில் இருக்கிறது.

வாசலில் ஹார்ன். கார் கிளம்பத் தயார். முன்னால் தங்கச்சி, பின்னால் என் மனைவி. நான் மட்டும், வழக்கம்போல, சட்டைக்குள் தலையோடு கடைசி வரியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

> தங்கச்சி: அண்ணா, பேனாவை வை. உன்னால ரெண்டு பேர் நிக்கிறோம். அங்க கரைசல் சாரையும் சேர்த்தா மூணு. இதைத்தான் நான் ஆபீஸ்ல சரி பண்ணிட்டு வந்தேன்.

வந்துவிட்டேன். பின் சீட்டில் இன்னும் ஓர் இடம் இருக்கிறது. அது உங்களுக்கு. துணியை நீங்களே எடுங்கள். தட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். மூன்று குழிகள். எது கலங்கியிருக்கிறது, எது தெளிந்திருக்கிறது என்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். ஆமை உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஏறுங்கள். பையை மட்டும் டிக்கியில் போட வேண்டாம். மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.